இஞ்சின் அறைச் சாவி

வெளிச்சம் வேண்டும் என்று கேட்பதற்குக்கூடக் கூட்டம் போட வேண்டிய நிலையில் நாம் இன்னும் இருக்கிறோம். சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, நமது தோட்டத்தின் கடைசி டிவிஷனில் ஏழு குடும்பத்தார் கூடினார்கள். அவர்கள் குடியிருந்த பலகை லயம் உளுத்து விழுந்துவிட்டது. புது வீடு கட்டி முடியும்வரை அவர்களுக்கென்று நிர்வாகம் ஏழு இரும்புக் கெபின்களை லாரியில் ஏற்றி வந்து, மறுநடவுக் காட்டின் ஓரத்தில் வரிசையாக இறக்கி வைத்திருக்கிறது. இருபது அடி நீளம், எட்டு அடி அகலம். கதவு உண்டு, சன்னல் உண்டு, தண்ணீர்க் குழாயும் வந்துவிட்டது. கரண்டு மட்டும் வரவில்லை.

"கிராணியாரே, மத்தியானம் உள்ளே போனால் அடுப்புக்குள் போன மாதிரி இருக்கிறது. ராத்திரி கதவைத் திறந்து வைத்தால் கொசு. விளக்கு கூட வேண்டாம், ஒரு விசிறிக்காவது வழி சொல்லுங்கள்" என்றார் ஓர் அம்மையார். நாற்பது ஆண்டுகள் பால்மரம் வெட்டிய கை அவருடையது. அவர் கேட்டது பிச்சையன்று, நியாயம்.

நிர்வாகத்திடம் கேட்டோம். "ஆறு மாதத்திற்குத்தானே, சமாளித்துக் கொள்ளுங்கள்" என்றது பதில். தோட்டத்தில் "தற்காலிகம்" என்ற சொல்லுக்கு என்ன பொருள் என்பது பெரட்டுக் களத்தில் நின்ற எவருக்கும் தெரியும். இரண்டு பருவத்திற்கு என்று போட்ட தகரக் கொட்டகையில் பேரன் பேத்தி எடுத்தவர்கள் உண்டு. ஆகவே இந்த ஏழு கெபின்களுக்கும் கரண்டு எந்த வழியில் வரலாம், எந்த வழி நல்லது, எது ஆபத்து என்பதை இங்கே எழுத்தில் வைக்க விரும்புகிறோம். இதே நிலையில் வேறு டிவிஷன்களிலும் நம்மவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கும் இது பயன்படட்டும்.

தனியார் நிலம் என்னும் வேலி

முதலில் ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். கம்பத்து வீட்டுக்குக் கரண்டு கேட்பதும் தோட்டத்து வீட்டுக்குக் கேட்பதும் ஒன்றல்ல. நாம் குடியிருக்கும் மண் நம்முடையதன்று, அது கம்பெனியின் தனியார் நிலம். மத்திய மின்சார வாரியம் 1949-இல் தோன்றியது. 1965-இல் அது தேசிய மின்சார வாரியம் என்று பெயர் மாறியது. 1990-இல் தெனாகா நேஷனல் ஆயிற்று. இத்தனை பெயர் மாற்றங்களுக்கிடையே மின்கம்பங்கள் நாடெங்கும் நடந்தன. கம்பங்களுக்குப் போயின, புதுக் குடியேற்றங்களுக்குப் போயின. தோட்டத்து எல்லைக்கு வந்தபோது மட்டும் நின்றன. "உள்ளே இருப்பது தனியார் நிலம். அங்கே செய்ய வேண்டியதை முதலாளி செய்யட்டும்" என்பதே நெடுங்காலம் நாம் கேட்ட பதில். முதலாளியோ ஆலைக்கும் துரை பங்களாவுக்கும் முதலில் செய்துகொண்டார். லயத்திற்கு மிச்சம் இருந்தது மண்ணெண்ணெய் விளக்கும், பிறகு மாலையில் சில மணி நேரம் ஓடும் இஞ்சினும்.

சட்டம் பேசாமல் இல்லை. தொழிலாளர் வீட்டு வசதிக்கு 1966-இல் ஒரு சட்டம் வந்தது. அதன் இடத்தில் 1990-இல் 446-ஆம் எண் சட்டம் வந்தது. 2019-இல் அதுவும் திருத்தப்பட்டது. முதலாளி கொடுக்கும் வீட்டில் குடிநீரும் போதிய மின்சாரமும் இருக்கச் செய்வது முதலாளியின் கடமை என்பது அதன் சாரம். அதற்கு அடுத்த எண்ணாகிய 447, மின்சார விநியோகச் சட்டம். வீட்டின் உரிமையாளர் மட்டுமன்றி அதில் குடியிருப்பவரும் மின்சாரம் கேட்கலாம் என்பது அதில் உள்ளது. ஒரே ஆண்டில், அடுத்தடுத்த எண்ணில் பிறந்த இந்த இரண்டு சட்டங்களையும் சேர்த்துப் படிக்கும் பழக்கம்தான் நம்மிடம் இல்லை.

நமக்கு எவ்வளவு வேண்டும்?

நிர்வாகத்தின் முன் போய் "கரண்டு வேண்டும்" என்று சொன்னால் மட்டும் போதாது, எவ்வளவு என்று சொல்லத் தெரிய வேண்டும். கணக்கில்லாத கோரிக்கையைக் கணக்குப் புத்தகம் வைத்திருப்பவன் எளிதில் தள்ளிவிடுவான். இதை ஒரு கிராணியாகவே சொல்கிறோம்.

ஒரு கெபினுக்குக் கணக்குப் போட்டோம். 9 வாட் எல்.இ.டி. விளக்கு நான்கு, இரவில் ஐந்து மணி நேரம். 50 வாட் விசிறி இரண்டு, பத்து மணி நேரம். சிறிய குளிர்ப்பெட்டி ஒன்று, நாளுக்கு ஏறக்குறைய 0.8 யூனிட். தொலைக்காட்சி நான்கு மணி நேரம். கைப்பேசிகளுக்குச் சார்ஜ். அரைமணி நேரம் சோற்றுக் குக்கர். எல்லாம் கூட்டினால் நாளொன்றுக்கு இரண்டரை யூனிட் வருகிறது. மாதத்திற்கு 75 யூனிட். ஏழு கெபினுக்கும் சேர்த்து 525 யூனிட். குளிர்சாதனம் இல்லை, சுடுநீர்க் கருவி இல்லை. ஆடம்பரம் என்று எவரும் விரல் நீட்ட முடியாத கணக்கு இது. இதை மனத்தில் வைத்துக்கொண்டு வழிகளைப் பார்ப்போம்.

முதல் வழி: தோட்டத்து இஞ்சின்

நிர்வாகம் முதலில் நீட்டும் வழி டீசல் ஜெனரேட்டர். பழைய ஸ்டோரில் ஒன்று கிடக்கிறது, பழுது பார்த்து மாலையில் ஓட்டலாம் என்கிறார்கள். கேட்க நன்றாக இருக்கிறது. கணக்கு நன்றாக இல்லை.

சிறிய இஞ்சின் ஒரு யூனிட் கரண்டு கொடுக்க ஏறக்குறைய 0.4 லிட்டர் டீசல் குடிக்கும். சுமை குறைவாக இருந்தால் இன்னும் அதிகம் குடிக்கும், புகைக் கரியும் உள்ளே படியும். தீபகற்பத்தில் டீசல் மானியம் எடுக்கப்பட்ட 2024 ஜூன் 10-ஆம் நாள் லிட்டர் விலை 2 வெள்ளி 15 காசிலிருந்து 3 வெள்ளி 35 காசுக்கு ஏறியது. அந்த விலையில் ஒரு யூனிட்டுக்கு எண்ணெய்ச் செலவு மட்டும் 1 வெள்ளி 34 காசு. 525 யூனிட்டுக்கு 210 லிட்டர், அதாவது 703 வெள்ளி 50 காசு. பொதுக் கம்பியில் 2025 ஜூன் வரை இருந்த வீட்டுக் கட்டணப்படி முதல் 200 யூனிட்டுக்கு யூனிட் 21.80 காசு. அந்தக் கணக்கில் ஏழு வீட்டுக்கும் சேர்த்து 114 வெள்ளி 45 காசுதான். கட்டண முறை பிறகு மாறியிருக்கலாம், எண்ணெய் விலை ஏறி இறங்கலாம். ஆனால் ஆறு மடங்கு என்ற இந்த இடைவெளி எளிதில் மூடாது. எண்ணெய்ச் செலவு கையைக் கடிக்கும்போது நிர்வாகம் என்ன செய்யும்? ஓடும் நேரத்தைக் குறைக்கும். ஆறரைக்குப் போட்டுப் பத்தரைக்கு நிறுத்தும்.

பத்தரைக்கு நிறுத்துவது என்றால் என்ன என்பதை நாம் மறைக்காமல் சொல்ல வேண்டும், ஏனென்றால் நிறுத்திய கை நம்முடையது. பத்து ஆண்டுகளுக்கு முன், வேறொரு தோட்டத்தில், புதிதாகக் கிராணி வேலைக்குச் சேர்ந்திருந்தோம். இஞ்சின் அறைச் சாவியும் டீசல் கணக்குப் புத்தகமும் நம் பொறுப்பு. ஒருநாள் இரவு பத்தேகாலுக்கு ஒரு பெண் பிள்ளை ஓடி வந்தாள். மறுநாள் அவளுக்கு எஸ்.பி.எம். பரீட்சை. "கிராணி அண்ணே, இன்னும் ஒரு மணி நேரம் மட்டும் விடுங்களேன்" என்றாள். ஒரு மணி நேரத்திற்கு எத்தனை லிட்டர் என்பது நம் மனத்தில் ஓடியது. புத்தகத்தில் எழுதினால் துரை கேட்பார், எழுதாவிட்டால் கணக்கு உதைக்கும். "முடியாதம்மா" என்றோம். அவள் ஒன்றும் சொல்லாமல் திரும்பிப் போனாள். பத்தரைக்கு இஞ்சினை நிறுத்தினோம். இருட்டில் வீடு திரும்பும்போது கடைசி வீட்டில் ஒரு மெழுகுவர்த்தி எரிந்துகொண்டிருந்தது.

அவள் தேறினாளா இல்லையா என்பது இங்கே விஷயமல்ல. ஒரு லயத்து விளக்கு முழுவதும் ஒரு மனிதனின் விரலில் தொங்கியது, அந்த மனிதன் நாமாக இருந்தோம் என்பதே விஷயம். இஞ்சின் வழியின் குறை எண்ணெய்ச் செலவோடு முடியவில்லை. பிள்ளை படிக்கும் நேரத்தையும், நோயாளி விசிறி போட்டுக்கொள்ளும் நேரத்தையும், இன்சுலின் வைத்த குளிர்ப்பெட்டி ஓடும் நேரத்தையும் அங்கே வேறொருவர் முடிவு செய்கிறார். பகல் முழுதும் இஞ்சின் ஓடாவிட்டால் குளிர்ப்பெட்டி வெறும் அலமாரிதான்.

இரண்டாம் வழி: ஆளுக்கொரு சிறு ஜெனரேட்டர்

"நாங்களே ஒரு பெட்ரோல் ஜெனரேட்டர் வாங்கிக்கொள்கிறோம்" என்று இளைஞர் ஒருவர் சொன்னார். அவருடைய சுயமரியாதையைப் பாராட்டுகிறோம். ஆயினும் அவரை எச்சரிக்கக் கடமைப்பட்டிருக்கிறோம். பெட்ரோல் ஜெனரேட்டரின் புகையில் கார்பன் மோனாக்சைடு என்ற வாயு இருக்கிறது. அதற்கு நிறமில்லை, வாசனையில்லை. தூங்குகிறவன் தூங்கியபடியே போய்விடுவான். இருபதுக்கு எட்டு அடி இரும்புப் பெட்டி போன்ற சிறிய வீட்டில் அது நிறைய நேரம் எடுக்காது. மழை நனைக்கிறதென்று ஜெனரேட்டரை வாசலுக்குள் இழுத்து வைப்பதும், சன்னலுக்கு அடியில் வைப்பதும் உயிரோடு விளையாடுவதாகும். வீட்டிலிருந்து குறைந்தது இருபது அடி தள்ளி, புகை வீட்டை நோக்கி வராத பக்கமாக, தனிக் கூரை போட்டு வைக்க வேண்டும்.

இன்னொரு வழக்கமும் நம்மிடம் உண்டு. ஜெனரேட்டர் வயரின் இரு முனையிலும் பிளக் மாட்டி, சுவர்ச் சாக்கெட்டில் செருகி வீடு முழுவதற்கும் கரண்டு ஏற்றுவது. செருகிய முனை கழன்றால் வெளியே தெரியும் பித்தளைக் காலில் 230 வோல்ட் நிற்கும். வெளிக்கம்பியோடு இணைந்த வீடாக இருந்தால் கரண்டு பின்னோக்கி ஓடி, எங்கோ கம்பத்தில் ஏறி வேலை செய்கிறவரைக் கொல்லும். அவரும் நம்மைப் போன்ற தொழிலாளிதான். பெட்ரோல் ஜெனரேட்டரை அவசரத்திற்கு வைத்துக்கொள்ளலாம், அதை நம்பிக் குடும்பம் நடத்த முடியாது.

மூன்றாம் வழி: வயர் இழுப்பது

நம் ஜனங்கள் அதிகம் செய்வது இதுதான். ஸ்டோரிலோ கோயிலிலோ கரண்டு இருந்தால், அங்கிருந்து ஒரு வயரை ரப்பர் மரத்துக்கு மரம் கட்டி இழுத்து வந்துவிடுவது. நமது கெபின்களுக்கு மிக அருகில் கரண்டு உள்ள கட்டடம் 200 மீட்டர் தள்ளி நிற்கும் பழைய பால் கொட்டகை. அங்கே போவதும் நீண்ட வயரில் வரும் மெலிந்த கரண்டுதான். "அங்கிருந்து இழுத்தால் என்ன?" என்று கேட்டார்கள்.

கணக்கைப் பாருங்கள். வீட்டுச் சாக்கெட்டுக்குப் போடும் 2.5 சதுர மில்லிமீட்டர் செம்பு வயர் 200 மீட்டர் போய்த் திரும்பினால் 400 மீட்டர் ஆகிறது. அதன் தடை ஏறக்குறைய 3 ஓம். ஏழு வீடும் சேர்ந்து 10 ஆம்பியர் இழுத்தால் வழியிலேயே 30 வோல்ட் செத்துப்போகும். 230 என்று புறப்பட்டது 200 ஆக வந்து சேரும். விளக்கு மங்கும், குளிர்ப்பெட்டியின் மோட்டார் முனகும், பிறகு எரியும்.

அதைவிடப் பெரிய ஆபத்து வேறொன்று. அந்த வயரின் கடைசியில் இரண்டு கம்பியும் ஒட்டிக்கொண்டால்கூட 80 ஆம்பியருக்கு மேல் ஓடாது. அங்கே பால் கொட்டகையில் இருக்கும் 32 ஆம்பியர் சுவிட்ச் அதற்கு உடனே விழாது. வயர் பழுக்கும், மரத்தில் கட்டிய இடத்தில் தோல் உருகும். மழைக்காலத்தில் அதிகாலை ஐந்து மணிக்குத் தலைவிளக்கோடு அந்த வழியே போகிறவர் யார்? பால் வெட்டப் போகும் நம் தாய்மாரும் தங்கைமாரும்தான்.

இரும்பு வீட்டுக்கு ஒரு தனி எச்சரிக்கை

இங்கே ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். கரண்டு எந்த வழியில் வந்தாலும் சரி, கெபின் என்பது இரும்பு. பலகை வீட்டில் ஒரு வயர் தோல் உரிந்து சுவரில் பட்டால் பலகையோடு போகும். கெபினில் பட்டால் கதவு, சன்னல், படிக்கட்டு எல்லாமே கரண்டாகிவிடும். மழையில் நனைந்து வந்து, வெறுங்காலோடு ஈரமண்ணில் நின்று கதவைப் பிடிக்கும் பிள்ளையை எண்ணிப் பாருங்கள்.

ஆகவே கெபினின் இரும்பு உடலை மண்ணில் அடித்த எர்த் கம்பியோடு கனமான வயரால் இணைக்க வேண்டும். ஒவ்வொரு கெபினுக்கும் தனியாக 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே துண்டிக்கும் சுவிட்ச் வேண்டும். நம்மவர்கள் ஈ.எல்.சி.பி. என்று சொல்வது அதைத்தான். அதிலுள்ள சோதனைப் பொத்தானை மாதம் ஒருமுறை அழுத்திப் பார்க்க வேண்டும். இன்னொன்று: ஜெனரேட்டரோ இன்வெர்ட்டரோ வைத்த இடத்தில் நியூட்ரல் கம்பியை முறைப்படி எர்த்தோடு சேர்க்காவிட்டால் அந்தச் சுவிட்ச் இருந்தும் இல்லாததுபோல் ஆகிவிடக்கூடும். ஆகவே இதை "எனக்குத் தெரியும்" என்று சொல்கிற மச்சான் கையில் கொடுக்காமல், பதிவு பெற்ற வயர்மேனைக் கொண்டு செய்து, எர்த்தை மீட்டர் வைத்து அளந்து, எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். விளக்கு ஒரு மாதம் தாமதமானாலும் பரவாயில்லை. எர்த் இல்லாத இரும்பு வீட்டுக்குள் கரண்டு நுழைவதைச் சங்கம் அனுமதிக்கக் கூடாது.

நான்காம் வழி: வெயில்

சோலார் பலகையைப் பற்றி நம்மிடையே இரண்டு தவறான எண்ணங்கள் உலவுகின்றன. "அது பணக்காரன் கூரைக்கு" என்பது ஒன்று. "ஒரு பலகை வைத்தால் எல்லாம் ஓடும்" என்பது மற்றொன்று. இரண்டும் சரியல்ல.

நம் நாட்டில் மேகத்தையும் மழையையும் கழித்துவிட்டால் நாளொன்றுக்கு ஏறக்குறைய நான்கு மணி நேர முழு வெயிலுக்குச் சமமானது கிடைக்கும் என்று வைத்துக்கொள்ளலாம். வழியில் நூற்றுக்கு முப்பது பங்கு வீணாகும் என்று கணக்கிட்டால், இரண்டரை யூனிட்டுக்கு 450 வாட் பலகை இரண்டு குறைந்தபட்சம் வேண்டும். மழைக்காலத்தை நினைத்தால் மூன்று. இரவுக்கும் ஒரு மப்பான நாளுக்கும் தாங்க, ஐந்து யூனிட் கொள்ளும் லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரி ஒன்று. விலை குறைவென்று லாரி பேட்டரியை வாங்கினால் அதில் பாதிக்கு மேல் இறக்க முடியாது. நம் வெக்கையில் சில ஆண்டுகளில் அது செத்துப்போகும். மின்கெட்டிலும் இஸ்திரிப் பெட்டியும் சேர்ந்து ஓடினால் சிறிய இன்வெர்ட்டர் மூச்சுவிடும். ஒன்று முடிந்து ஒன்று என்று பழக வேண்டும்.

மரநிழல் இதற்கு முதல் எதிரி. ஒரு கிளையின் நிழல் பலகையின் ஒரு மூலையில் விழுந்தாலும் வரவு பெரிதும் குறையும். நல்லவேளையாக நமது கெபின்கள் மறுநடவுக் காட்டின் ஓரத்தில் நிற்கின்றன, கன்றுகள் இன்னும் இடுப்பளவுதான். இடி மின்னல் இரண்டாவது எதிரி. உலகிலேயே இடி மிகுந்த நிலப்பகுதிகளில் நம் தீபகற்பமும் ஒன்று. அதற்கான தடுப்புக் கருவி இல்லாமல் பலகை பொருத்தக் கூடாது. பேட்டரியைக் கட்டிலுக்கடியில் வைக்கவும் கூடாது.

குறைகளைச் சொன்னோம். நிறை ஒன்று உண்டு, அது சிறிதன்று. சோலார் பலகையைக் கழற்றலாம். கெபினை எடுத்துக்கொண்டு போனாலும், புது வீட்டுக்குக் குடி மாறினாலும் பலகை கூடவே வரும். அதை நிறுத்த எவர் கையிலும் சாவி இல்லை.

ஐந்தாம் வழி: பொதுக் கம்பி

எல்லாவற்றுக்கும் மேலான வழி பொதுக் கம்பியிலிருந்து ஒவ்வொரு வீட்டுக்கும் தனி மீட்டர். இதில் நாம் சிறிதும் தயங்கவில்லை. நமது கெபின்கள் முதன்மைக் கம்பியிலிருந்து 600 மீட்டர் தள்ளி இருக்கின்றன. இவ்வளவு தூரத்திற்கு 230 வோல்ட்டையே இழுத்து வந்தால் மேலே சொன்னபடி வழியில் மெலிந்துவிடும். உயர் அழுத்தக் கம்பியைக் கொண்டுவந்து சிறிய மின்மாற்றி ஒன்றை நடுவதே முறை. அதற்குக் கம்பம் நடவும் பாதை வெட்டவும் நில உரிமையாளரின் ஒப்புதல் வேண்டும், செலவும் உண்டு. அந்தச் செலவு யாருடையது? வீடு கொடுப்பது முதலாளியின் பொறுப்பென்றால், வீட்டுக்கு வெளிச்சம் கொண்டுவருவதும் அதே பொறுப்புத்தான். இரண்டையும் பிரிக்க நாம் ஒப்பமாட்டோம்.

நிர்வாகம் ஒரு குறுக்கு வழி சொல்லக்கூடும்: "கம்பெனி பெயரில் ஒரே மீட்டர் வாங்கி, உங்களுக்குப் பிரித்துக் கொடுக்கிறோம்." இதற்குத் தலையாட்டாதீர்கள். 1950-களிலும் 1960-களிலும் பெருந்தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்டதை நம் பெற்றோர் கண்டார்கள். அந்தத் துண்டாடலுக்கு எதிராகத்தான் 1960-இல் துன் சம்பந்தன் முயற்சியில் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் பிறந்தது. தோட்டம் கை மாறுவது இன்றும் நிற்கவில்லை. ரப்பர் செம்பனையாகிறது, செம்பனை வீடமைப்புத் திட்டமாகிறது. கம்பெனி பெயரில் உள்ள மீட்டர், கம்பெனி போகும் நாளில் அதோடு போகும். குடும்பத்தின் பெயரில் உள்ள மீட்டரை அப்படிச் சத்தமில்லாமல் பிடுங்க முடியாது. மாதா மாதம் வரும் கட்டணச் சீட்டில் நம் பெயரும் வீட்டு விலாசமும் இருக்கும். இன்ன இடத்தில் இன்னார் குடியிருந்தார் என்பதற்கு அந்தச் சீட்டைக் காட்டலாம். தலைமுறை தலைமுறையாகக் குடியிருந்தும் காட்ட ஒரு சீட்டுமில்லாமல் வெளியேறிய குடும்பங்களைக் கேளுங்கள், அதன் அருமை தெரியும்.

ஓய்வு பெற்றவர்களுக்கு இது இன்னும் முக்கியம். ஏழு குடும்பங்களில் இரண்டில் வேலை செய்த கை ஓய்ந்துவிட்டது. சட்டம் முதலாளியையும் தொழிலாளியையும் பற்றித்தான் பேசுகிறது. நேற்றுவரை தொழிலாளியாக இருந்தவரைப் பற்றி அதில் தெளிவான துணை கிடைப்பதில்லை. இது நமக்குக் கசப்பான உண்மை, மூடி மறைப்பதில் பயனில்லை. அவர்களுக்குச் சட்டத்தின் பலம் குறைவாக இருக்கும் இடத்தில் சங்கத்தின் பலம் கூடுதலாக நிற்க வேண்டும். ஐந்து வீட்டுக்கு விளக்கும் இரண்டு வீட்டுக்கு இருட்டும் என்ற ஏற்பாட்டில் நாம் கையெழுத்துப் போடமாட்டோம்.

நாம் கேட்பது

ஆகவே அந்த ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் நாம் முடிவு செய்தது இது. முதலாவது, கரண்டு எந்த வழியில் வருவதற்கு முன்னும் ஏழு கெபின்களுக்கும் எர்த்தும் ஈ.எல்.சி.பி.யும் பொருத்தி, பதிவு பெற்ற வயர்மேனின் கையெழுத்து வாங்க வேண்டும். இரண்டாவது, பொதுக் கம்பி வரும்வரை ஒவ்வொரு கெபினுக்கும் நிர்வாகச் செலவில் சோலார் பலகையும் பேட்டரியும் வேண்டும். பழைய இஞ்சின் மழைக்காலத் துணைக்கு மட்டும் இருக்கட்டும். மூன்றாவது, புது வீட்டுக்குப் பொதுக் கம்பியிலிருந்து குடும்பத்தின் பெயரில் தனி மீட்டர். நான்காவது, இவை எந்தத் தேதிக்குள் என்று எழுத்தில் வேண்டும். "ஆறு மாதம்" என்ற வாய்ச்சொல்லுக்குத் தேதி இல்லை, தேதி இல்லாத வாக்குறுதிக்கு விலையும் இல்லை.

இந்தக் கடிதத்தை நிர்வாகத்திடம் கொடுத்துவிட்டோம். பதில் வராவிட்டால் தொழிலாளர் இலாகாவுக்கு அதன் நகல் போகும். நாம் சண்டைக்காரர்கள் என்று சிலர் சொல்லக்கூடும். கணக்கோடு போகிறவனைச் சண்டைக்காரன் என்று சொல்வது எளிதல்ல.

நம்மவர்களுக்கும் ஒரு வார்த்தை. "கிடைத்தது போதும்" என்று தனித்தனியாக வயர் இழுக்கத் தொடங்கினால், கோரிக்கையின் நரம்பு அறுந்துவிடும். அந்த வயரைக் காட்டி, "அவர்களுக்குத்தான் கரண்டு இருக்கிறதே" என்று நிர்வாகம் சொல்லும். பொறுத்திருப்பது கஷ்டம் என்பது நமக்குத் தெரியும். அந்த அம்மையார் இன்றும் விசிறி இல்லாமல்தான் படுக்கிறார். ஆனால் இன்னும் சில வாரம் சேர்ந்து நின்றால், இனி எந்த விரலும் நிறுத்த முடியாத விளக்கு ஒன்று கிடைக்கும்.

பத்து ஆண்டுகளுக்கு முன் இஞ்சின் அறைச் சாவி நம் இடுப்பில் தொங்கியது. அந்தக் கனம் இன்னும் நமக்கு மறக்கவில்லை. இனி வரும் கிராணி எவனும் அதைச் சுமக்க வேண்டாம். பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளை இரவு பத்தேகாலுக்கு எவன் வாசலுக்கும் ஓட வேண்டாம். அவள் வீட்டு விளக்கின் பொத்தான் அவள் வீட்டுச் சுவரிலேயே இருக்கட்டும்.